நடுவுல வச்சா முப்பது

என் மேல ஒரு நாளும் குரல் ஒசத்தாத மாமாவுக்கு,

தணிகாசலத்தை அழ வச்சுட்டேன். மொதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பக்கத்துல, அவன் கடை வாசல்லயே, பட்டப்பகல்ல. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் மொத்தமும் பஸ்ஸுக்கு நின்னுக்கினு வேடிக்கை பாத்துது.

நீ இருந்தா "போவுது உடு செல்வி, அவனும் நம்மாளுதானே"ன்னு சொல்லுவ. நம்மாளா? பத்து வருஷம் உன் ஷெட்டுல உன்கூட ஸ்பேனர் புடிச்சுட்டு, தனியாக் கடை போட்டதும் உன்னையே குருடன்னு சொன்னவன் நம்மாளா? உன் சாவுக்கு மாலை தூக்கிக்கினு வந்தானே, அதைப் புடுங்கி ரோட்டுல வீசணும்னு கை துடிச்சுது. எங்கம்மாதான், உன் அக்காதான், பொணத்தை வச்சுக்கினு சண்டை வேணாண்டின்னு என்னைப் புடிச்சுக்கினாங்க. அது ஆச்சு பதினோரு மாசம்.

ஊருக்கும் கேக்கட்டும்னுதான் இதை வெளியில எழுதறேன். அதனால நடந்ததை ஒழுங்காச் சொல்லிடறேன்.

சக்கரை உன் கண்ணைத் தின்னப்பறம், இஞ்சின் கட்ற கை உன்னுது, அளவு படிக்கிற கண்ணு என்னுது. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிக்கும்போது பிளாக்கு மட்டத்துக்கு மேல எவ்ளோ தூக்கி நிக்குதுன்னு டயல் கேஜ் வச்சுப் பாக்கணும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல போடற கேஸ்கெட் தகடு அமுங்கின கனத்துல அதைக் கழிச்சா மிச்சம் நிக்கிறதுதான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சந்து. சந்து கொறைஞ்சா பிஸ்டன் போய் ஹெட்டுல இடிக்கும். கூடிப்போனா கம்ப்ரஷன் செத்துடும். நீ கேஜை வப்ப, நான் முள்ளைப் படிப்பேன்.

மேல்சித்தாமூர் நயினார் டிராக்டருக்கு நான் படிச்சது புள்ளி முப்பது மில்லி. கேஸ்கெட் ஒண்ணு புள்ளி இருபது. சந்து புள்ளி தொண்ணூறு. மூணு பிஸ்டனும் அதே அளவு. ரெண்டு வாட்டி படிச்சேன். நீதான் படிக்க வச்ச.

நாலாவது மாசம் அதுல ஒரு பிஸ்டன் போச்சு. நாம கண்ணாஸ்பத்திரிக்குப் பாண்டிச்சேரி போயிருந்த நேரம். ஏர் ஓட்ற அவசரத்துல நயினார் வண்டியைத் தணிகாசலத்துகிட்ட உட்டாரு. அவன் பிரிச்சான். ஒடையாத ஒரு பிஸ்டன் மேல டயலை வச்சு, டீ குடிக்க வந்தவனை எல்லாம் கூப்ட்டுக் காட்டினான். "பாருங்கய்யா, புள்ளி நாப்பத்தஞ்சு நிக்குது. சூடானா இடிக்காம இன்னா பண்ணும்? கண்ணு தெரியாதவன் இஞ்சின் கட்னா இப்டித்தான்."

அவன் ஊரைக் கூட்டறதுக்கு முன்னாடியே, நாம ஊர் திரும்பின அன்னிக்கே, சேதி கேட்டு நீ மட்டும் கிளம்பிப் போன. திரும்பி வந்து "என் கை தப்பு செல்வி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு செவுத்தைப் பாத்துப் படுத்துக்கின. நான் கத்தினேன், கெஞ்சினேன். வா போயி மறுபடியும் அளந்து பாக்கலாம்னேன். நீ போர்வையை இழுத்து மூடிக்கின. அதுக்கப்பறம் ஷெட்டுல நின்ன வண்டியைக் கூடக் கட்டி இழுத்துக்கினு போனாங்க. மூணாவது மாசம் நீ போயிட்ட. டாக்டர் நெஞ்சுவலின்னாரு. நான் தணிகாசலம்னு சொல்றேன்.

போன மாசம் நயினார் நம்ம ஷெட்டுக்கு வந்தாரு. மூஞ்சியைப் பாக்க முடியாம நின்னாரு மனுஷன்.

"வண்டி காலைல எழுந்திருக்கவே மாட்டேங்குதும்மா. வெள்ளையாப் பொகை கக்குது. ஏர் போட்டா முக்குது. தணிகாசலத்துகிட்ட ஆறு தடவை போயிட்டேன், பேட்டரி வீக்கு, டீசல் சரியில்லங்கறான்."

வண்டியில ஒரு கோணிப்பை இருந்துது. பழைய சாமானைக் கோணியில கட்டி வண்டிக்காரர்கிட்டயே குடுத்துடறது நம்ம தொழில்ல வழக்கமாச்சே. அந்த வழக்கத்துலதான் மாட்டினான். இவரு எங்க பிரிச்சுப் பாக்கப்போறாருன்னு நெனச்சுட்டான் போல. நான் பிரிச்சேன். உள்ள அந்தப் பிஸ்டன்.

ஹெட்டுல இடிச்ச பிஸ்டன்னா மண்டையில காயம் இருக்கணுமே, மாமா? ஒரு கீறல் இல்ல. நடுவுல மட்டும் மெழுகு உருகினாப்ல உருகி, விரல் போற ஓட்டை. டீசலைப் பீய்ச்சற நாசில் சொட்டி, டீசல் ஒரே எடத்துல நின்னு எரிஞ்சு போட்ட ஓட்டை. நாசிலை யாருங்க பாத்ததுன்னு கேட்டேன். "அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி தணிகாசலம்தான்மா கழட்டி மாட்டினான்"னாரு.

எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. அங்காளம்மாவுக்கு நான் எதுவும் வேண்டிக்கல. நீ சும்மா பாத்துக்கினு இரு தாயே, இது என் வேலைன்னுட்டேன். அமாவாசை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கினு இருந்து, அன்னிக்கி வண்டியைக் கட்டி இழுத்து அவன் வாசல்ல நிறுத்தினேன்.

"இன்னாம்மா செல்வி?"ன்னான்.

"ஹெட்டைக் கழட்டுங்கண்ணே. வண்டிக்காரரு பக்கத்துலதான் நிக்கிறாரு."

முடியாதுன்னு சொல்ல எடமில்ல, அவ்ளோ ஜனம். கழட்டினான். உள்ள ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு கேஸ்கெட்! நாப்பத்தஞ்சு நிக்குதுன்னு ஊரைக் கூட்டிச் சொன்னவன், இடிச்சுடுமோன்னு பயந்து ரெண்டு சொருவியிருக்கான். பதினேழரை மடங்கு அமுக்க வேண்டிய காத்தைப் பதினஞ்சோட உட்டா வண்டி எப்டி எழுந்திருக்கும்? அதை நயினாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொன்னேன்.

"சரி, அன்னிக்கி டயலை எங்க வச்சீங்களோ அங்கயே வைங்கண்ணே."

பிஸ்டனோட ஓரத்துல வச்சான். நான் படிச்சா நம்ப மாட்டாங்கன்னு, பஸ்ஸுக்கு ஆள் ஏத்திக்கினு இருந்த கண்டக்டர் ஒருத்தரைக் கூப்ட்டு முள்ளைப் படிக்கச் சொன்னேன். எதிர் ஓரத்தைக் கட்டை விரலால அமுக்கினேன். "நாப்பத்தஞ்சு"ன்னாரு. விரலை எடுத்து டயல் பக்கத்து ஓரத்தை அமுக்கினேன். "அட, பதினஞ்சும்மா!"

பள்ளிக்கூடத்துல ஏறி எறங்கற சீ-சா பலகை மாதிரி, பிஸ்டன் அதைக் கோத்திருக்கற பின்னு மேல ஆடும். ஓரத்துல வச்சா முள்ளு ஆட்டத்தைத்தான் காட்டும். பின்னு ஓடற கோட்டுக்கு நேரா, நடுவுல வச்சாத்தான் நெஜமான ஒசரம். நீ எனக்குச் சொன்னது. பத்து வருஷம் உன் பக்கத்துல நின்ன அவனுக்குத் தெரியாதா?

"இப்ப நடுவுல வைங்க."

வச்சான். கண்டக்டர் குனிஞ்சு பாத்தாரு. "கரெக்டா முப்பது." மத்த ரெண்டுலயும் வைக்கச் சொன்னேன், புதுசா அவன் போட்ட பிஸ்டனையும் சேத்து. முப்பது, முப்பது.

அப்பறம் ஓட்டைப் பிஸ்டனை எடுத்து அவன் கையிலயே குடுத்தேன். "தங்கச்சி, போதும்மா"ன்னான்.

"இன்னா போதும்? அன்னிக்கி வாயாலதானே சொன்ன? இப்பவும் வாயால சொல்லு."

சொன்னான். நாசில் தப்பு, என் தப்பு, பழனி கட்னது சரின்னு உன் பேரைச் சொல்லிட்டு துண்டால மூஞ்சியை மூடிக்கினான். சத்தமா, இன்னொரு வாட்டின்னேன். பாவம்னு எனக்குத் தோணவே இல்ல, மாமா. அன்னிக்கி மத்தியானம் வந்து படுத்தவ, நீ போனதுக்கப்பறம் மொத தடவையா அசந்து தூங்கினேன்.

இதோட நான் கடுதாசியை முடிச்சிருக்கலாம். சாயந்தரம் அவன் வந்தான்.

ஷெட்டு வாசல்ல நின்னுக்கினு, உள்ள வராமயே பேசினான். "ஓட்டையைப் பாத்ததுமே என் நாசிலுன்னு தெரிஞ்சுபோச்சும்மா. பயந்துட்டேன். பழனி வந்தப்ப பிஸ்டனை அவன் கையில குடுக்கல. அளவுதான் தப்பு, படிச்சவதான் தப்பாப் படிச்சிருக்கான்னு சொன்னேன். அவன் என் கையைப் புடிச்சுக்கினான். 'கண்ணு தெரியாம நான் கட்னதுதான் தப்புன்னு சொல்லிக்கோடா. அவ பேரை மட்டும் எடுக்காத. அவ தாங்க மாட்டா'ன்னான். அவன் சொன்னதையேதான் ஊருக்குச் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

கையில இருந்த ஸ்பேனரை வீசினேன். தகரத்துல பட்டுது. அவன் ஓடிட்டான்.

மாமா, பிஸ்டனைக் காட்டுடான்னு ஏன் கேக்கலன்னு பதினோரு மாசமா மண்டையை ஒடச்சுக்கினேனே, இதானா? என் தப்பு வெளிய வந்துடும்னு பயந்தியா? வாழ்நாள் பூரா சம்பாரிச்ச பேரைத் தூக்கி என் மேல போர்த்திட்டு செவுத்தைப் பாத்துப் படுத்துக்கினியே! "செல்வி, நீ படிச்சது சரிதானா?"ன்னு ஒரே ஒரு வாட்டி கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தா அன்னிக்கே உன்னைக் கையோட இழுத்துக்கினு போய், இப்ப காட்டினதை அப்பவே காட்டியிருப்பேனே. நீ இன்னிக்கி உயிரோட இருந்திருப்ப.

அவன் பொய் சொன்னான். நீ நம்பின. என்னைக் கேக்காம அவனை நம்பின. இதையும் அவன் வெளிய சொல்லிட்டான் போல, ஊரே சொல்லுது, பழனி பொண்டாட்டியைக் காப்பாத்தினாரு, எவ்ளோ ஆசைன்னு. அந்த ஆசையைக் கொண்டுபோய் அடுப்புல போடு.

நயினார் வண்டியை நானே கட்டி முடிச்சுட்டேன். ஒரே கேஸ்கெட், சந்து தொண்ணூறு, காலைல ஒரே செல்ஃபுல எழுந்துக்குது. ஷெட்டுக்கு வேற ரெண்டு வண்டி வந்திருக்குது. தணிகாசலத்தை மன்னிக்க மாட்டேன், அது முடிஞ்ச பேச்சு. உன்னையும் சும்மா உட்டுட மாட்டேன், மாமா. அடுத்த பொறப்புலயும் உனக்கேதான் கழுத்தை நீட்டுவேன். இந்தச் சண்டையை உன் மூஞ்சிக்கு நேரா போட எனக்கு வேற வழியில்ல.

இப்படிக்கு,
உன் அக்கா மக, உன் பொண்டாட்டி,
சரியாப் படிச்ச செல்வி