ஒரே பந்தியில் ஜாங்கிரி

கமலா, என் கண்ணே,

சேதி தெரியுமா? உன் செந்திலுக்கும் என் கவிதாவுக்கும் போன வாரம் கல்யாணம் முடிந்தது! முள்ளிப்பட்டு ஊரில் நெய்த அரக்குப் புடவையில் கவிதாவை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது பந்தியைப் பற்றி.

நம் இருவருக்கும் சர்க்கரை நோய் என்று ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரிந்தது. நான் இனிப்பைப் பார்த்தாலே ஓடினேன். நீ ஓடவில்லை. அரை பாதுஷா தின்றால் அன்றைக்கு இட்லியைக் குறைத்துக்கொள்வாய், கோட்டை மைதானத்தில் இன்னொரு சுற்று நடப்பாய். அப்படியிருந்தும், நீ நிமோனியாவில் போனபோது ஊர் என்ன சொன்னது? "ஸ்வீட் தின்னே பூட்டா." எனக்கு எவ்வளவு எரிந்தது தெரியுமா?

அந்தப் பேச்சில் பயந்து, அதே நோய் உள்ள உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகள் இனிப்பையே கண்ணில் காட்டவில்லை. மனிதர் சும்மா இருப்பாரா? தறிக் கொட்டகையில் மைசூர்பாகை ஒளித்துவைத்து, யாரும் வருவதற்குள் பொட்டலத்தையே முழுங்கினார். காலில் வந்த புண் ஆறவே மாதக்கணக்கானது. செந்தில் அழுதுவிட்டான்.

கல்யாணத்தன்று சாப்பாட்டுக் கூடத்தில் 'சர்க்கரை உள்ளவர்களுக்கு' என்று போர்டு வைத்துத் தனி வரிசை. மாப்பிள்ளையின் அப்பா அங்கே, சப்பாத்தியை வெறித்தபடி! பக்கத்தில் அவர் தங்கை காவல். நான் நேராகச் சமையல் மாஸ்டரிடம் போனேன்.

"அண்ணா, அந்த போர்டை எடுத்துடுங்க. எல்லாரும் ஒண்ணா உக்காரட்டும்."

"யாருக்காவது சுகர் ஏறிச்சின்னா என்னைக் கேப்பாங்கம்மா. எனக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

"ஜாங்கிரியை சின்னதா சுத்துங்க. சாதத்தைக் கேட்டுட்டு வைங்க. இன்னா வேணும்னு அவங்களே சொல்லட்டும்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். ரூபாய்க் காசு அளவில் ஜாங்கிரி வந்தது. நான் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சம்பந்தி, ஜாங்கிரியா, பாயசமா? ரெண்டுல ஒண்ணு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்னையா கேக்கறீங்க?"

"உங்க இலைக்கு வேற யாரைக் கேக்கறது?"

"ஐயோ, வாணாம்ணா!" என்றாள் தங்கை.

"நீ பாத்துகினே இரு, ஒண்ணுதான்" என்றவர், பாயசம் வந்தபோது இலையைக் கையால் மறைத்தார். சாதத்தைக் குறைத்து, அவரைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பிறகு ஜாங்கிரியைக் கிள்ளிக் கிள்ளித் தின்றார், கமலா, எல்லாரும் பார்க்க!

"இவ்ளோ நாளா முழுங்கிகினுதான் இருந்தேன். இன்னிக்குதான் ருசி தெரியுது" என்றார்.

செந்தில் மாலையும் கழுத்துமாக ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். எத்தனை வருஷமாயிற்று! நீ இருந்திருந்தால் கைதட்டியிருக்க மாட்டாயா?

மறுநாள் காலை அவரே விரலைக் குத்திப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். "பயந்த மாதிரி ஏறலைங்க!" பரீட்சையில் பாஸான குரல். இப்போது தினமும் என்னோடும் கவிதா அப்பாவோடும் நடக்க வருகிறார். வழியெல்லாம் உன் பேச்சுதான்.

இனி அவரை யாரும் மிரட்ட விடமாட்டேன். மாத்திரையைத் தவறவிடவும் விடமாட்டேன். தீபாவளிக்கு உன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து, ஆளுக்கு அரை அதிரசம் தின்போம். இது உன்மேல் சத்தியம்.

உன் பிள்ளையின் மாமியார்,
வசந்தா