காரை விற்ற காரணம்

சிவமயம்

இணுவில்,
11.3.1979

அன்புள்ள மகன் பரமலிங்கத்துக்கு,

கந்தசுவாமியார் காவலில் அம்மா, தங்கச்சி மகாதேவி, நான் மூவரும் சுகம், நீயும் இலண்டன் குளிரில் சுகமாயிருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் உளைவு குறைந்திருக்கிறது, மகாதேவி சோதனைக்குப் படிக்கிறாள். கார் எப்படி ஓடுகிறது என்று இரண்டு கடிதங்களில் கேட்டிருந்தாய், நான் பதில் எழுதவில்லை. காரைப் போன மாதம் விற்றுவிட்டேன். நீ வாங்கித் தந்ததை உன்னைக் கேளாமல் விற்றது பிழைதான், ஆனால் முழுதும் வாசித்த பிறகு கோபி.

காரின் பழைய ஒயிலை நானே கழற்றி, பின்வேலி ஓரம் வெட்டிய கிடங்கில் இரண்டு வருடமாக ஊற்றிவந்தேன். இந்த மாரியில் கிடங்கு நிரம்பி வழிந்தது. தை பிறந்து சில நாளில் வேலிக்கு அப்பால் பின்வளவில் இருக்கும் மார்க்கண்டு வந்து, "அண்ணை, என்ரை கிணத்திலை எண்ணெய் மிதக்குது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். நான் கதிரையை விட்டு எழும்பாமலே, "உம்மடை இறைக்கிற மிசின் ஒழுகியிருக்கும்" என்றேன். "மிசினைத் திருத்தக் குடுத்து மூண்டு மாசம் அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மாதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பிள்ளைப்பெறுவுக்கு வந்து நிக்கிற அவரின்ரை பெட்டை உந்தத் தண்ணியையே குடிக்கிறது?" என்று ஏசினார். போனேன். வாளியில் நீலமும் மஞ்சளுமாக ஏடு படர்ந்திருந்தது, என் காரின் மணம்தான். நம் நிலத்தின் கீழ்க் கல்லெல்லாம் பொந்து, ஓரிடத்தில் ஊற்றினால் இன்னோரிடத்தில் வரும் என்று தெரிந்தவன்தான் நான்.

கிடங்கு மண்ணைத் தோண்டிப் பீப்பாக்களில் அடைத்தோம். ஏட்டைச் சாக்கால் ஒற்றியெடுத்து, கிணற்றை மூன்று தரம் இறைத்தோம். வேலியில் ஆள் நுழையப் பொட்டு வைத்து, ஒரு மாதம் அவர்கள் நம் கிணற்றில் அள்ளினார்கள். இனி ஒயிலை எங்கே ஊற்றுவது என்று யோசித்தேன், எங்கே ஊற்றினாலும் அது யாரோ ஒருவருடைய கிணறுதான். காரை வாங்கியவரிடமும் இதைச் சொல்லித்தான் கொடுத்தேன்.

இப்போது வேலைக்குக் கந்தோருக்குப் போக நாலு மைலும் சைக்கிள்தான். செயினுக்கு இரண்டு துளி எண்ணெய் போதும், நிலத்தில் ஒன்றும் சிந்துவதில்லை, முற்றத்தில் புகையும் இல்லை. முதல் கிழமை தொடை உளைந்தது, பிறகு பழகிவிட்டது. கந்தோரில் கூட வேலைசெய்யும் கனிசியஸ், "என்ன அருளம்பலம், மகன் கைவிட்டிட்டானோ?" என்று கேட்டார். "இல்லை, நான்தான் பிழை விட்டனான்" என்றேன். அதைச் சொல்வதுதான் சைக்கிள் மிதிப்பதை விடக் கஷ்டமாக இருந்தது.

மார்க்கண்டுவின் மகளுக்குப் பெண்குழந்தை, இருவரும் நலம். நேற்று மார்க்கண்டு என்னைக் கூப்பிட்டு, தன் கிணற்றில் அள்ளித் தான் முதலில் குடித்துவிட்டு எனக்கும் ஒரு செம்பு தந்தார். நானும் குடித்தேன்.

வேறு கார் வாங்கவென்று எதுவும் அனுப்பாதே. நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறக்காதே. எங்கள் இருவரின் ஆசியும் என்றும் உன்னோடிருக்கும்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அப்பா
சி. அருளம்பலம்