மருந்தில்லாத தலைவலி

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

என் பணி ஓய்வுக்குப் பிறகு நாம் இருவரும் இந்த நாட்டிலேயே தங்க விசா வேண்டுமானால் மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்றேன் அல்லவா? காப்பீட்டு அலுவலகத்தார் உன்னிடம் போனில் பேசினார்களே, அதில் ஒரு வேடிக்கை. நாள்பட்ட நோய் உண்டா என்று கேட்டதற்கு நீ, "முழங்கால் வலி இருக்கு. அப்புறம் முப்பது வருஷமா ஒரு தலைவலி, அதுக்கு மருந்தே கிடையாது" என்றாயாம். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொல்லிவிட்டார். உன் தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்!

நேரில் ஓடினேன். "அந்தத் தலைவலி நான்தாங்க" என்றேன். அதிகாரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாரும் இருக்கற வலியையே மறைப்பாங்க. உங்க வீட்டம்மா முழங்காலையும் மறைக்கல, உங்களையும் மறைக்கல" என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காப்பீடும் கிடைத்துவிட்டது.

சீக்கிரம் கிளம்பி வா. அதுவரை போனில் நாலு வார்த்தை பேசிப் பதிவு செய்து அனுப்பு. திட்டினாலும் சரி, நீ இல்லாமல் என் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது. வரும்போது தைலம் எடுத்துக்கொள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

இப்படிக்கு,
காப்பீட்டில் அடங்காத உன் தலைவலி