தங்கச்சி கழனிக்கு விட்ட தண்ணீர்

அண்ணா,

காலையில் என் கழனிக்கு மோட்டார் போட்டேன். வெடித்துக் கிடந்த மண்ணில் தண்ணீர் இறங்கியதும் ஒரு வாசனை எழுந்தது. உடனே உன் நினைப்பு வந்துவிட்டது.

உனக்கும் எனக்கும் நைனா போட்ட போர்க்கிணறு ஒன்றுதான். ஒரு நாள் உன் முறை, மறுநாள் என் முறை. சுற்றிலும் போர் போட்டுப் போட்டுத் தண்ணீர் கீழே போய்விட்டிருந்தது. அந்த நவரைப் பட்டத்தில் விவசாய ஆபீசுக்காரர் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைத் தந்தார். பயிர் தூர் கட்டும்போது தண்ணீர் தேங்கியே நிற்க வேண்டாம், கழனியில் புதைத்த குழாய்க்குள் தண்ணீர் மட்டம் ஒரு சாண் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும் என்றார். ஊரிலேயே முதலில் அதைப் புதைத்தவள் நான். நீ வரப்பில் நின்று எட்டிப் பார்த்தாய்.

“இன்னா தங்கச்சி, எலிக்குக் கெணறு வெட்டிக்கிறியா?”

“சிரிக்காதண்ணா. மிச்சமாவுற தண்ணிய நீ எடுத்துக்கோ.”

“அஞ்சாங்கிளாசு படிச்சது எனக்குத் தண்ணி குடுக்குதாம்!”

பிறகு பேத்தியின் காதுகுத்துக்கு மணவாள நகர் போய்த் தங்கிவிட்டேன். திரும்பி வந்தால் என் கழனி தளும்பி நிற்கிறது, உன் கழனி காய்ந்து கிடக்கிறது. உன் முறைத் தண்ணீரையும் எனக்கே திருப்பியிருந்தாய்.

“இன்னாண்ணா பண்ணிக்கிற? என்னுது இன்னும் தூரு கட்டுது, காயலாம். உன்னுது கதிரு பால் புடிக்கிற நேரமாச்சே!”

“உன் மண்ணு வாயைப் பொளந்துக்கினு கெடக்குதுமே. பாத்துக்கினு சும்மா போவச் சொல்றியா?”

எத்தனை விதமாகச் சொல்லியும் நீ நம்பவில்லை. அறுப்பில் உன் நெல் பாதி பதராகப் பறந்தது. நீயோ எளாவூர் டீக்கடையில், “என் தண்ணியிலதான் தங்கச்சி பயிரு பொழச்சிது” என்று மார்தட்டினாய்.

ஆடியில் நீ கண்ணை மூடிவிட்டாய். அடுத்த நவரையில், குறைந்த தண்ணீரிலேயே என் கதிர் தலை சாய்ந்து நின்றது. பார்க்க நீ இல்லை. எனக்கு வேண்டாத தண்ணீருக்காக உன் விளைச்சலை விட்டாயே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

இப்போது ஊரில் பல கழனிகளில் அந்தக் குழாய் நிற்கிறது. எனக்குப் பெருமைதான். நேற்று உன் மகன் வந்தான்.

“அத்தே, நெலம் வெடிச்சிக்கிச்சு. தண்ணி வுடட்டா?”

அவன் கழனிக்குப் போய்க் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் ஒரு சாண் இறங்கவில்லை, பயிர் தாங்கும். “வேணாம்டா” என்றேன். அவன் போய்விட்டான். எனக்குத்தான் பொழுது சாயும்வரை அந்த வரப்பை விட்டு நகர முடியவில்லை. உன் பதைப்பு எனக்கும் வந்துவிட்டது, அண்ணா.