கரும்புக்காட்டுப் பன்றிக்கு ஒரு தோட்டா

ஜனவரி 9, 1964. வியாழன்

காலையில் பனி. நூல் லாரி இன்றும் வரவில்லை. கம்பெனியில் இரண்டு பனியன் மெஷின் சும்மா கிடக்கிறது. கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தும் பயனில்லை.

மச்சான் உடுமலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தார். என் மனைவியின் அண்ணன். காரணம் இல்லாமல் பஸ் ஏறுகிறவர் அல்ல. அவர் தோட்டத்துக் கரும்பில் ஒற்றைப் பன்றி புகுந்திருக்கிறது. வெட்டுக்கு வந்த ஒருவன் தொடையைக் கிழித்துவிட்டதாம். பன்றி சாகாமல் கரும்பில் கால் வைக்க மாட்டோம் என்று வெட்டாட்கள் சொல்லிவிட்டார்கள். மாட்டுக்கு வைக்கும் பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் கரும்பு வெட்டு.

ரைபிள் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது. வால்பாறை எஸ்டேட்டை விட்டுப்போன வெள்ளைக்காரர் விற்றது. அவர் கொடுத்த தோட்டாக்கள் தீர்ந்துவிட்டன.

"நீங்க இங்கிலீசு படிச்சவரு மாப்ள. எந்தத் தோட்டான்னு கடைக்கு வந்து சொல்லுங்க."

நான் காக்கையைக்கூடச் சுட்டதில்லை. சரி என்றேன். எதற்குச் சொன்னேனோ.

ஜனவரி 11, சனி

கோவை. துப்பாக்கிக் கடை. தோட்டா ஒரே அளவு, குண்டு இரண்டு வகை. எண்பத்தேழு கிரெயின் எடை, கட்டையானது. நூறு கிரெயின், நீளமானது. பன்றிக்குத் தோளில் தோல் தடிப்பு, கனத்தது ஆழமாகப் போகும் என்றேன்.

கடைக்காரர்: "குழலுக்குள்ள வெட்டியிருக்கற புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுத்துங்க?"

இருவருக்கும் தெரியாது. ரைபிள் தோட்டத்தில்.

"நீளக் குண்டுக்கு முறுக்கு ஜாஸ்தி வேணுமுங்க. பத்து அங்குலத்துக்கு ஒரு சுத்து. இல்லீன்னா மூக்கு முன்னால போகாது, புரண்டு குறுக்கால போகும்."

மச்சான் என் முகத்தைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லக் கௌரவம் விடவில்லை. கனத்ததையே வாங்கச் சொன்னேன். திரும்பும்போது பெரியவளுக்கு ரிப்பன், மஞ்சள் கிழங்கு.

ஜனவரி 13, திங்கள்

கம்பெனிக்கு லீவு. குடும்பத்தோடு மத்தியான பஸ்ஸில் மச்சான் தோட்டம். காப்புக் கட்டு. பண்ணையம் பார்க்கும் ரங்கன் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ கட்டி நாலு மூலையிலும் செருகினான். காப்புக் கட்டினால் பட்டிப் பொங்கல் முடியும்வரை இவர்கள் தோட்டத்தில் வெடிச் சத்தம் கூடாது. தலைமுறைக் கட்டுப்பாடு.

வேட்டையில் ரங்கன்தான் மச்சானுக்கு வலது கை. முதலாளி என்பதால் மச்சானைப் பண்ணாடி என்பான். "பண்ணாடி சுட்டாப் போதுமுங்க. சத்தம் கேட்ட கையோட வேல்கம்போட உள்ள நிப்பனுங்க." அவன் மனைவி ராமாத்தாள் சிரித்தாள்: "சோத்துக்குக் கூப்புட்டா மட்டும் காது கேக்காதுங்க."

இருட்டுமுன் குழலை அளந்தேன். துடைக்கும் கம்பி நுனியில் பனியன் வெட்டுத்துணியை இறுக்கிச் சுற்றி, கம்பியில் மசிப் புள்ளி வைத்து உள்ளே தள்ளினால் புரியோடு கம்பியும் சுழலும். புள்ளி ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்தபோது கம்பி பதினான்கு அங்குலம் உள்ளே போயிருந்தது. மறுபடி அளந்தேன். அதே பதினான்கு.

முறுக்கு குறைந்த நூல் என்றால் பனியன் மெத்தென்று இருக்கும், சந்தோஷமாக வாங்குவேன். இது அப்படியில்லையே. நான் வாங்கச் சொன்ன நீளக் குண்டு புரளலாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. பல் வலியோடு கரும்பு தின்ன முடியவில்லை.

அளந்ததை மச்சானிடம் சொன்னேன். குண்டை மாற்றலாம் என்றால் கடை பொங்கலுக்குப் பூட்டு. ஒன்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"காப்புக் கட்டியாச்சுங்களே மாப்ள."

"நாளான்னிக்கு விடியால பன்னியச் சுட நீங்க உள்ள போகோணும். அப்பப் போயி எங்க பாக்கறது?"

மச்சான் ஓடைப் பக்கம் கை காட்டினார்: "ஓடைக்கு அந்தப் பக்கம் நம்ம எல்லை இல்லீங்க. காலையில போயி ஒண்ணே ஒண்ணு. ஊட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்."

நானும் அதுவே நல்லது என்றேன்.

ஜனவரி 15, புதன்

பட்டிப் பொங்கல். வைக்கவில்லை.

வெயில் ஏறும்முன் ஓடை தாண்டிப் போனோம். பனியன் அட்டைப்பெட்டியை மண்மேட்டில் வைத்தேன். மச்சான் சுட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். வட்டத் துளை இல்லை. பட்டனுக்குக் காஜா அடித்த மாதிரி நீளக் கிழிசல். குண்டு குறுக்கே போயிருக்கிறது. நான் பயந்தது சரி. ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்.

அப்போது கரும்புப் பக்கம் கூச்சல்.

ரங்கன் மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டு இருந்தானாம். சத்தம் கேட்டது. காப்புக் கட்டிய நாளில் பண்ணாடி வேறு எதற்குச் சுடப் போகிறார்? பன்றிதான், அடிபட்டுக் கரும்புக்குள் கிடக்கும் என்று வேல்கம்போடு ஓடியிருக்கிறான். பன்றி முழுசாக இருந்தது.

ரங்கனுக்கு அடிவயிற்றில் குத்து. வேட்டியால் கட்டி வண்டியில் போட்டோம். என் மடியில் தலை. "பன்னி உழுந்துருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். உடுமலை வருமுன் மூச்சு அடங்கிவிட்டது.

மச்சான் மனைவி யாரையும் திட்டவில்லை. கோலமிட்ட பானையைத் தூக்கி உள்ளே வைத்தார்.

ஜனவரி 20, திங்கள்

மச்சானோடு கோவை.

கடைக்காரர்: "முறுக்குப் பாத்தீங்களா?"

"பதினாலு."

"அப்ப எண்பத்தேழுதானுங்க. நல்லவேளை, கேட்டுக்கிட்டு வந்தீங்க."

மச்சான் கடைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

மூடாக்கு. லேசான தூறல்.

மச்சான் தனியாகப் போனார். பின்னால் யாரும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரே வெடி. பன்றி வாய்க்கால் மேட்டிலேயே சாய்ந்தது. நாளை வெட்டு தொடங்கலாம் என்கிறார்கள் ஆட்கள்.

ராமாத்தாள் வந்தாள். பன்றியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. மச்சானிடம் போகவில்லை, என்னிடம் வந்தாள்.

"இன்னைக்கு இதைச் சுட்டீங்க. அன்னைக்கு என்னத்தைங்க சுட்டீங்க?"

அட்டைப்பெட்டியை என்று எப்படிச் சொல்வது.