ஜெனிட்டாவின் ட்ரோன்

சனிக் கோளின் நிலவு டைட்டன், கரை நிலையப் பதிவு
எழுதுபவர்: மருத்துவர் குமுதவல்லி

நாள் 212. காலை 7.00

வெளி வெப்பநிலை மைனஸ் 179. கடல் பக்கமிருந்து மெல்லிய காற்று. மீத்தேன் தூறல் நின்றுவிட்டது. ஆக்சிஜன், அழுத்தம், மின்சாரம் மூன்றும் சரி.

பூமி இப்போது சூரியனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இன்னும் ஒன்பது நாளைக்கு நாங்கள் சொல்வது அங்கே போகாது, அவர்கள் சொல்வது இங்கே வராது. அதனால் இந்தப் பதிவு அனுப்பப்படவில்லை. சேமிக்கப்படுகிறது. யார் கையில் கிடைத்தாலும் புரியும்படி எழுதுகிறேன்.

நிலையத்தில் மூன்று பேர். நான் மருத்துவர். ஜெனிட்டா தகவல்தொடர்புப் பொறியாளர். அவள் கணவர் லூர்து வண்டியும் இயந்திரங்களும் பார்ப்பவர். இருவரும் தூத்துக்குடிக்காரர்கள். வயதில் மூத்தவள் என்பதால் இருவருக்கும் நான் அக்கா.

ஜெனிட்டாவுக்குக் குடல்வால் வெடித்து நேற்று முன்தினம் அறுவை செய்தேன். சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. மயக்கத்தில் வைத்திருக்கிறேன். மூச்சு இயந்திரம் தருகிறது. காய்ச்சல் 103. கையிலுள்ள மருந்து இன்றோடு முடிகிறது. மிச்சம் நாங்கள் வந்து இறங்கிய கலத்தின் கிடங்கில், பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை எடுக்க லூர்து விடிகாலையிலேயே வண்டியில் போயிருக்கிறார். பத்து மணிக்குள் திரும்ப வேண்டும்.

காலை 11.40

திரும்பவில்லை.

கடைசியாக 9.05க்கு வந்த குரல்:

"மருந்து எடுத்தாச்சுக்கா. கெளம்பிட்டேன். அவகிட்டச் சொல்லுங்க. கேக்காட்டாலும் சொல்லுங்க."

சொன்னேன். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. வண்டியின் இடங்காட்டி ஒன்பது கிலோமீட்டர் தொலைவில், பனிப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றுவிட்டது. விளிம்பு இடிந்து வண்டி உள்ளே விழுந்திருக்க வேண்டும். பள்ளத்துக்குள்ளிருந்து குரல் ரேடியோ வெளியே வராது.

வேறு வண்டி இல்லை. நடந்தால் போக மூன்று மணி, வர மூன்று மணி. ஜெனிட்டாவின் மூச்சுக்குழாயில் அரை மணிக்கு ஒருமுறை சளி உறிஞ்சி எடுக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

வெளியுடையை இடுப்புவரை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூச்சு இயந்திரத்தின் எச்சரிக்கை மணி அடித்தது. கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

பகல் 12.30

ஜெனிட்டாவின் மேசையில் ஒரு ட்ரோன் இருக்கிறது. பழுதான கருவிகளிலிருந்து உதிரிகளை எடுத்து ஓய்வு நேரத்தில் அவளே கட்டியது. நான்கு கை, நான்கு மோட்டார், ஒரு கேமரா, அடியில் கொக்கி. இங்கே காற்று பூமியைவிட நாலு மடங்கு அடர்த்தி, ஈர்ப்போ ஏழில் ஒரு பங்கு. பூமியில் ஒரு தேங்காயைத் தூக்கத் திணறும் ட்ரோன் இங்கே ஒரு மூட்டையைத் தூக்கும். குளிர் தாங்குவதற்காக பேட்டரிப் பெட்டிக்குள் பழைய ஆய்வுக் கருவி ஒன்றின் சூடு தரும் கட்டியை வைத்திருக்கிறாள்.

ஒரே ஒரு குறை. இன்னும் ரேடியோ பொருத்தவில்லை. கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டர் ஒரு பெட்டியில், ட்ரோனில் உட்கார வேண்டிய ரிசீவர் இன்னொரு பெட்டியில். விரல் நுனி அளவு பலகை, அதிலிருந்து மீசைபோல இரண்டு ஆன்டெனா.

எனக்கு வயிற்றைத் தைக்கத் தெரியும். இது தெரியாது. கணினியில் விளக்கக் குறிப்பு இருக்கிறது. படிக்கிறேன்.

பகல் 1.50

ரிசீவருக்கு மூன்று கம்பி. மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு ஒன்று. பற்றவைத்துவிட்டேன். இரண்டு ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்க வேண்டும். ட்ரோன் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்றாவது சிக்னலைப் பிடிக்கும். அறுவைக்கு வைத்திருந்த பசைநாடாவால் ட்ரோன் கைகளில் ஒட்டினேன்.

அடுத்தது இரண்டையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்துவது. பைண்ட் செய்வது என்கிறார்கள். அதன் பிறகு அந்த ரிசீவர் அந்த டிரான்ஸ்மிட்டர் சொல்வதை மட்டும்தான் கேட்கும். பொத்தானை அழுத்திக்கொண்டே ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்தேன். விளக்கு வேகமாக மினுக்கியது. டிரான்ஸ்மிட்டரில் பைண்ட் என்பதை அழுத்தினேன். மினுக்கல் நிற்கவில்லை. மறுபடியும் செய்தேன். நிற்கவில்லை.

ஜெனிட்டாவுக்குச் சளி எடுத்துவிட்டு வந்தேன். காய்ச்சல் 103.6.

பகல் 2.20

குறிப்பின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது: இரண்டும் மிக அருகில் இருந்தால் பைண்ட் ஆகாது. நான் மடியில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறேன். டிரான்ஸ்மிட்டரை அறையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் அழுத்தினேன்.

விளக்கு நிலையாக நின்றது. பச்சை.

தேவையில்லாத தகவல்: அழுதேன்.

மாலை 3.30

மோட்டார்களிலிருந்து சுழல் இறக்கைகளைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன். நல்லவேளை. மேலே தூக்கும் குச்சியைத் தள்ளினால் ஒரு பக்க மோட்டார்கள் மட்டும் அலறின. டிரான்ஸ்மிட்டர் கட்டளைகளை அனுப்பும் சேனல் வரிசை வேறு, ட்ரோன் எதிர்பார்க்கும் வரிசை வேறு. மாற்றினேன். இப்போது தூக்கு என்றால் தூக்குகிறது, திரும்பு என்றால் திரும்புகிறது.

சிக்னல் அறுந்தால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாவிட்டால் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு பறந்து போய்விடும். அந்தந்த இடத்திலேயே நில் என்று பதிந்தேன்.

டிரான்ஸ்மிட்டரை நிலையத்தின் உயரக் கம்பத்து ஆன்டெனாவோடு இணைத்துவிட்டேன். ட்ரோனின் வயிற்றில் உபரி ரேடியோ ஒன்றைக் கட்டியிருக்கிறேன். லூர்துவின் குரல் அதற்கு எட்டினால் எனக்கு எட்டும். இறக்கைகளை மாட்டியாயிற்று. கட்டுப்பாட்டுத் திரையை ஜெனிட்டாவின் கட்டில் பக்கத்துக்கே இழுத்துக்கொண்டேன்.

மாலை 4.25

பறக்கிறது. திரையில் ஆரஞ்சு மூட்டம், கீழே இருண்ட மணல். சிக்னல் 92 சதவீதம்.

விளிம்பு தெரிகிறது. புதிதாக இடிந்த பனி, வெள்ளையாக. அடியில் வண்டி கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் மஞ்சள் உடை.

கை அசைகிறது.

"அக்கா? இது ஜெனி ட்ரோன்ல்லா? யாரு ஓட்டுதா? அவ எந்திரிச்சிட்டாளா?"

நான்தான் என்று சொன்னேன். அவள் இன்னும் மயக்கத்தில், காய்ச்சல் ஏறுகிறது என்றும் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

வண்டிக்கு அடியில் முழங்காலுக்குக் கீழே மாட்டியிருக்கிறது, உணர்ச்சி போய்விட்டது என்றார். காற்று நாளை வரைக்கும் போதும். உடையின் சூட்டு பேட்டரிதான் விழும்போது அடிபட்டுப் பாதிக்கு வந்துவிட்டது. வேறு பேட்டரி கட்டி அனுப்புகிறேன் என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"மொதல்ல இத எறக்குங்கக்கா. மருந்து ஏங்கிட்டத்தான் இருக்கு. கட்டி விடுதேன்."

இறக்கினேன். பள்ளத்துக்குள் போகப் போக சிக்னல் 60, 45, 30. அவர் கீழிருந்து சொல்லிக்கொண்டே வந்தார், வலது, கொஞ்சம் பின்னே, இன்னும் எறக்குங்க என்று. ஒருமுறை முற்றிலும் அறுந்தது. ட்ரோன் அதே இடத்தில் நின்றது. பத்து விநாடிக்குப் பிறகு சிக்னல் திரும்பி வந்தது.

பெட்டியைக் கொக்கியில் மாட்டினார். கேமராவில் அவர் முகம் நெருக்கமாகத் தெரிந்தது. முகக்கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்திருந்தது.

"போங்கக்கா. சீக்கிரம் போங்க."

நான் மேலே தூக்கியதும் அவர் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கக் கேமராவைத் திருப்பவில்லை. திருப்பினால் சுவரில் மோதிவிடுவேன் என்று பயம்.

மாலை 5.20

மருந்து வந்தது. முதல் ஊசி போட்டாயிற்று.

ட்ரோனின் பேட்டரி 8 சதவீதம். அப்படியே திருப்பி அனுப்ப முடியாது. மின்னேற்றத்துக்குப் போட்டிருக்கிறேன். மாற்று பேட்டரி இல்லை. ஒரு மணி நேரம் ஆகும்.

லூர்துவின் உடைக்கு ஒரு சூட்டு பேட்டரி, முழுதாக ஏற்றியது, கொக்கியில் கட்டி வைத்துவிட்டேன். இனி செய்ய ஒன்றும் இல்லை. சளி எடுக்கிறேன். மின்னேற்றத்தைப் பார்க்கிறேன். சளி எடுக்கிறேன்.

மாலை 6.40

மீண்டும் பள்ளத்தின் மேல். கூப்பிட்டேன். நாலாவது முறைதான் பதில் வந்தது. பேச்சு குழறுகிறது.

"மருந்து போட்டாச்சா?"

போட்டாயிற்று என்றேன். நல்லது என்றார். அதை மூன்று முறை சொன்னார்.

அவர் கைக்கெட்டும் தூரத்தில் பனியில் ஒரு மேடு இருக்கிறது. விளிம்பு இடிந்த பக்கம் மறைப்பு இல்லாததால் சிக்னல் அங்கே 70 சதவீதம். அதில் ட்ரோனை இறக்கினேன். பேட்டரியைக் கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டார். பழைய இணைப்பைத் திருகிக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். சும்மா இருக்கும்போது இரண்டு நிமிட வேலை.

"கை வர மாட்டேங்குக்கா. வெரல் இருக்கானே தெரியல."

பல்லால் முடியாது, முகக்கண்ணாடி இருக்கிறது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துத் திருகச் சொன்னேன். முயன்றார். பேட்டரி நழுவி விழுந்தது. எடுத்தார். திருகினார். மறுபடி நழுவி வண்டிக்கு அந்தப் பக்கம் உருண்டது. நான் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார்களை இயக்கி அதைத் தள்ளிவிடப் பார்த்தேன். ட்ரோனின் ஒரு கால் பனியில் புதைந்து அது எழும்பவில்லை.

நான் இப்போதே நடந்து வருகிறேன் என்றேன்.

"நீங்க வந்தா அவள யாரு பாப்பா? வராதீங்க."

மூன்று மணி நேரம்தான் என்றேன். சத்தமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"எனக்கு அவ்வளவு நேரம் இல்லக்கா. ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். நான் மருத்துவர்.

மாலை 7.10

ஜெனிட்டாவை எழுப்பட்டுமா என்று கேட்டேன். மயக்க மருந்தை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் கண் திறப்பாள். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாது, கேட்க முடியும். காய்ச்சல் இந்த அளவில் இருக்கும்போது எழுப்புவது ஆபத்து. அதையும் சொன்னேன். முடிவை அவரிடம் விட்டது சரியா என்று தெரியவில்லை.



"வேண்டாம். ஒறங்கட்டும். அந்த மைக்க அவகிட்டக் கொண்டு போங்க. மூச்சு விடுத சத்தம் கேட்டாப் போதும்."

மைக்கை அவள் மார்பின் மேல் வைத்தேன். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளுகிறது, வெளியே விடுகிறது. அது இயந்திரத்தின் சத்தம்தான். அவரிடம் சொல்லவில்லை.

"நல்லாக் கேக்கு" என்றார்.

பிறகு அவளிடம் ஏதேதோ பேசினார். நான் எழுதிக்கொள்ளவில்லை. என்னிடம் பேசவில்லை அவர். சளி எடுக்கும் நேரம் வந்தபோதும் மைக்கை நகர்த்தாமல் எடுத்தேன்.

இரவு 8.05

லூர்து. லூர்து. நிலையம் அழைக்கிறது.

இரவு 8.30

சிக்னல் 70. பதில் இல்லை. கேமராவில் மஞ்சள் உடை. முகக்கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது.

மைக்கை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

நாள் 214. காலை 9.00

காய்ச்சல் 100. நாடி, ரத்த அழுத்தம் நன்று. மருந்து வேலை செய்கிறது. குழாயை எடுத்துவிட்டேன். ஜெனிட்டா தானே மூச்சு விடுகிறாள்.

ட்ரோனின் மோட்டார்கள் நிற்பதால் பேட்டரி மெதுவாகத்தான் இறங்குகிறது. கேமராவுக்கு இனி மின்சாரம் போதாது, அணைத்துவிட்டேன். ரிசீவரும் ரேடியோவும் உயிரோடு இருக்கின்றன. மணிக்கொரு முறை கூப்பிடுகிறேன்.

காலை 11.15

விழித்துவிட்டாள். முதலில் தண்ணீர் கேட்டாள். இரண்டாவதாக அவரைக் கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி, பள்ளம், மருந்து, பேட்டரி, கடைசியாக மைக். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தாள். 70 சதவீதம் என்று இருந்தது. ரிசீவரை யார் பைண்ட் செய்தது என்று கேட்டாள். நான் என்றேன். இதற்கு முன்னால் செய்திருக்கிறீர்களா என்றாள். இல்லை என்றேன்.

அவள் முகத்தில் உயிர் வந்தது. எழுந்து உட்கார முயன்றாள். புதிதாகச் செய்பவர்கள் எங்காவது ஒன்றைக் கோட்டைவிட்டுவிடுவார்கள், எட்டு மணிக்கு மேல் நீங்கள் பேசியது போயிருக்காது, அவர் பேசியது வந்திருக்காது, அவ்வளவுதான் என்றாள். படுக்கச் சொன்னேன். தையல் பிரியும் என்றேன். டிரான்ஸ்மிட்டரைக் கேட்டாள்.

கொடுத்தேன். முதுகுக்குத் தலையணை வைத்தேன்.

பகல் 12.40

ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.  கம்பத்து ஆன்டெனாவின் இணைப்பு. சேனல் வரிசை. அனுப்பும் சக்தி. குரல் ரேடியோவின் அலைவரிசை. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, என்னிடம் கேள்வி கேட்டு, மூடுகிறாள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எங்காவது ஒரு தவறு செய்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். கம்பியை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டிருக்க வேண்டும்.

கடைசியில் ட்ரோனிலுள்ள ரேடியோவுக்கு ஒரு சோதனை ஒலி அனுப்பினாள். போன ஒலி அங்கே கேட்டு, அந்த ரேடியோவின் மைக் வழியாகவே திரும்பி வந்தது. தெளிவாக வந்தது. அதன் பின்னால் காற்றின் இரைச்சல்கூடக் கேட்டது.

மைக்கை வாயருகே கொண்டுபோய், "என்னங்க" என்றாள். காத்திருந்தாள். அந்த ஒரு சொல்லும் பள்ளத்திலிருந்து அவளிடமே திரும்பி வந்தது.

டிரான்ஸ்மிட்டரை மெதுவாக மடியில் வைத்தாள்.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கீங்கக்கா" என்றாள். "இதுல ஒரு கோளாறும் இல்ல."