ஏற்காட்டுக்கு முன் இரண்டாவது சோதனை

மே 12, செவ்வாய்

கத்திரி வெயில். காலையிலேயே மண் சுட்டது. பிக்கப்பை மெக்கானிக் ஜமீலின் பட்டறையில் விட்டாயிற்று. குழப்பிக்கொள்ளாமல் இருக்க, எழுத வேண்டியவை:

1. கியர்பாக்ஸ் ஏன் சூடாகிறது.
2. எதை எதை மாற்றுவது.
3. ஏலகிரி ஏற்றத்தில் சோதனை, இரண்டு முறை.
4. பிறகு ஏற்காடு. மேரி அக்காவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவசரப்பட்டுக் கெடுக்கக் கூடாது.

முதலாவது. டீசல் வண்டி, ஆட்டோமேட்டிக் கியர். தனியாகப் போனால் ஒரு குறையும் இல்லை. பின்னால் டிரெய்லரை மாட்டி மலை ஏறினால் கியர் ஆயில் கொதித்துவிடுகிறது. டிரெய்லரில் ஒரு கட்டில், ஒரு கழிவறை. கழிவறைக்காகத்தான் டிரெய்லரே. ஆபரேஷனுக்குப் பிறகு கிரேஸால் அடக்க முடிவதில்லை. அதிலிருந்து என் மனைவி ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. கேட்டால், "எனக்கு இன்னா, வீடியோல பாத்துக்கறேன்." இப்போது அவள் அக்கா ஏற்காட்டில் படுத்த படுக்கை.

போன மாதம் ஏலகிரி வளைவில் கருகல் வாசனை, வண்டி நின்றது. பின்னால் பஸ். டிரைவர் தலையை நீட்டி, "பெருசு! ஊட்டையே கட்டி இழுத்துக்கினு எங்க போற? வாடக பாக்கியா?" பஸ்ஸே சிரித்தது. டிரெய்லருக்குப் போக இறங்கிய கிரேஸ், அத்தனை பேர் பார்ப்பதைக் கண்டு கதவைத் திறக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். 

இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது.

மே 14, வியாழன்

புழுக்கம். ஜமீல் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்திருக்கிறான். உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகி வழவழப்பாக. மாற்றுவது:

தட்டுகள், கெட்டி ரகம்.
டார்க் கன்வெர்ட்டர். பழையது சுமையில் வழுக்கி ஆயிலைச் சூடாக்குகிறது.
ஆழமான ஆயில் தொட்டி.
விசிறியோடு தனி கூலர்.
ஆயில் சூட்டைக் காட்ட ஒரு மீட்டர்.

பழைய ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டு முகர்ந்து பார்த்தேன். ஜமீல் சிரித்தான். "சார், இது உங்க தோல் ஃபேக்டரி லேப் இல்ல, மோந்து பாத்து பாஸ் போட."

என்ன செய்ய. வேலை செய்த காலமெல்லாம் அதுதான் பழக்கம். ஒரு துண்டு தோல் சூட்டைத் தாங்கினால் போதாது. அதே லாட்டில் இன்னொரு துண்டும் தாங்க வேண்டும். அப்புறம்தான் கையெழுத்து.

மாலை மேரி அக்கா போன். ஸ்பீக்கரில் குரல் மெலிவாக. "இன்னாடி, உன் ஊட்டுக்காரர் தேர் கட்டி முடிச்சாரா?"

"முடிச்சிக்கினே இருக்காரு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்காவுக்கு இருமல். கிரேஸ் போனைப் பிடித்தபடியே இருந்தாள்.

பூண்டு தீர்ந்தது. வாங்க வேண்டும்.

மே 23, சனி

மேகமூட்டம். வண்டி தயார். டிரெய்லரோடு ஏலகிரி, நானும் ஜமீலும். உச்சி வரை மீட்டர் 95 டிகிரி தாண்டவில்லை. வாசனை இல்லை.

"ராஜா மாதிரி ஏறுது சார். நாளைக்கே கெளம்புங்க. ஏற்காட்டு மாதாவுக்கு எம்பேர்லயும் ஒரு மெழுகுவத்தி."

வீட்டுக்கு வந்தால் கிரேஸ் பையைக் கட்டி வைத்திருக்கிறாள். மாத்திரை, மாற்றுப் புடவைகள், அக்காவுக்கு மக்கன் பேடா ஒரு டப்பா.

"ஏறிச்சில்ல? நாளைக்கு சர்ச் முடிஞ்சி போலாமா? அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"புதன்கிழம இன்னொரு தடவ பாத்துடலாம்மா. இன்னைக்கு வெயில் கம்மி. நல்ல வெயில்ல பாக்கணும்."

"நீங்க சொன்னா சரி." டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தாள்.

மிகையான எச்சரிக்கையோ? இல்லை. ஒரு துண்டை நம்பி எப்போதும் கையெழுத்துப் போட்டதில்லை.

மே 26, செவ்வாய்

விடிந்ததும் போன். அக்காவின் மகன். தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. கிளம்புகிறோம்.

மே 27, புதன்

நேற்று நல்ல வெயில். மலையடியில் கிரேஸ் நிறுத்தச் சொன்னாள். டிரெய்லருக்குப் போய், முகம் கழுவிக்கொண்டு வந்தாள். யாரும் பார்க்கவில்லை. வளைவுகளில் மீட்டரைப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன். பார்த்தேன். 96.

பாதி ஏற்றத்தில், "வண்டி நல்லா ஏறுதுங்க" என்றாள். குத்தலாக இல்லை. எனக்கு ஆறுதலாக.

அடக்கம் முடிந்ததும் அக்கா மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம அம்மா கட்டில வாசப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னாங்க சித்தப்பா. வண்டி ரெடியாயிருச்சாம், வந்துருவாங்கன்னு." கிரேஸ் பக்கத்தில்தான் நின்றாள். கேட்டிருப்பாள். திரும்பும் வழியில் டிரெய்லருக்கு இரண்டு முறை போனாள்.

பேடா ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. மெழுகுவர்த்தி ஏற்றவில்லை, மறந்துபோனது.

இன்று காலை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கூலரில் ஒழுகல் இல்லை. ஆயில் நிறம் மாறவில்லை. நேற்று ஏறியதையே இரண்டாவது சோதனையாகக் கொள்ளலாம். தேறியது.

1 சரி. 2 சரி. 3-உம் சரி.

4 தவறு.